நடுக்கடலுக்கு ஏது பிடிமண்?

1

எங்கள் கார் கொட்டகையில் ஒரு ஃபிரிட்ஜ் கதவு சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு உரியது அல்ல. கடலில் மிதந்து வந்தது. கரையிலிருந்து வீடுவரை அதை இழுத்துக்கொண்டு வந்தவள் நான்தான். போடிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், என் வீட்டுக்காரரும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில். எனக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தெருக்கோடியில் கடல் தெரியும். அந்தக் கடலுக்காகவே ஆசைப்பட்டு வாங்கிய வீடு இது. போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரத்துக்கு ஒருமுறை போய்வந்ததுதான். தினமும் கடலைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம் என்பது அப்போது பெரிய வாழ்வாகத் தெரிந்தது.

இந்த வருஷமும் அந்தத் தேதி வந்தது. என் தம்பி ராசு போன விமானம் காணாமல் போன தேதி. அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கரையில் நடந்தேன். அலை ஒதுக்கிய பாசிக் குவியலில் வெள்ளையாக ஒரு தகடு கிடந்தது. ஓரமெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் வரிசையாகத் துளைகள். விமானத்தின் துண்டு என்றே நினைத்தேன். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு என்ன பலம் வந்ததோ, இழுக்க ஆரம்பித்தேன்.

நகராட்சிக்குப் போன் செய்தால், இணையத்தில் பதியச் சொல்லி ஒரு பதிவுசெய்த குரல் சொன்னது. இணையத்தில் போனால், கரையில் கிடைத்தது என்ன வகை என்று கேட்டது. குப்பை, செத்த விலங்கு, கைவிடப்பட்ட வாகனம், மற்றவை. நான் 'கைவிடப்பட்ட வாகனம்' என்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'மற்றவை'யை அழுத்தினேன். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். புரட்டிப் போட்டான். உள்பக்கத்தில் வரிசையாக இருந்த குழிகளைக் காட்டி, "இங்கே முட்டை வைப்பார்கள்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

அவன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எடுத்துப் போகிறேன் என்று சொன்னவனிடம் வேண்டாம் என்றேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இனி ஒரு மோட்டாரும் மிதந்து வந்துட்டா முழு ஃபிரிட்ஜாயிரும்" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் பாவம், அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

2

ராசு போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தான். ஏலக்காயைப் பச்சை, வெளிர் என்று நிறம் பார்த்துப் பிரிக்கிற இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அதை நேரில் பார்த்துத்தான் வாங்குவேன் என்று கிளம்பினான். தேங்காயைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டான், இயந்திரத்தைப் படத்தில் பார்த்து வாங்குவானா? அதுதான் அவன் முதல் வெளிநாட்டுப் பயணம். இரண்டாவது விமானம் மாறி ஏறியதும் மனைவி சாந்திக்குப் போன் செய்து, "உக்காந்துட்டேன், சன்னல் பக்கந்தான்" என்றிருக்கிறான்.

அந்த விமானம் கொஞ்ச தூரம் தரையோடு பேசிக்கொண்டே போனது. பிறகு பேச்சை நிறுத்திவிட்டது. திரும்பியது என்றார்கள். தெற்கே போனது என்றார்கள். எண்ணெய் தீரும்வரை பறந்திருக்கும் என்றார்கள். எங்கே விழுந்தது என்பதை மட்டும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்கு இது இன்னமும் விளங்கமாட்டேன் என்கிறது. போடிமெட்டு ரோட்டில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஒரு ஜீப்பு, வழக்கமான நேரத்துக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் வராவிட்டால், அடுத்த வளைவில் டீ ஆற்றுகிறவருக்குத் தெரிந்துவிடும். "என்னப்பா, இன்னும் செல்வம் வண்டியக் காணோமே" என்று கீழே இறங்குகிற முதல் லாரியிடம் சொல்லியனுப்புவார். அரை மணி நேரத்தில் ஆள் போய்ப் பார்த்துவிடும். இங்கே என் மகள் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, அதைக் கொண்டுவருகிறவன் எந்தச் சந்தில் திரும்புகிறான் என்பதைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அத்தனை பேர் ஏறிய விமானத்தைக் காணோம் என்றால் எப்படி?

என் தகப்பனார், நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம், அவருக்கும் இதே கேள்விதான். எங்கள் பக்கத்துப் பொட்டிபுரத்து மலையை ஆராய்ச்சிக்காகக் குடைந்து ஏதோ துகளைப் பிடிக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. போனில் என்னிடம் கேட்டார்.

"கண்ணுக்கே தெரியாததப் பிடிக்கிறதுக்கு எங்க மலையக் குடையணும்ங்கிறாக. இம்புட்டுப் பெரிய ஏரோப்ளேனு, அதக் கண்டுபிடிக்க முடியலையாக்கும்? என்ன படிப்புத்தா படிச்சாக?"

தேடுகிற கப்பல்கள் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்று செய்தியில் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தொல்லை பிடித்தது. ஊரில் எல்லோரும் ராசுவைத் தொலைத்த இடம் என் வீட்டுக் கொல்லைப்புறம் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

"ஆத்தா, ஒன் வீட்டுப் பக்கந்தானாமே?" என்றார் அய்யா. "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்."

"பக்கமில்லய்யா. கப்பல்ல நாள்கணக்காப் போகணும். நடுக்கடலு."

"அங்ஙன இருக்கவ நீதான? நாங்களா வரமுடியும்? போட்டுக்காரன் எவனயாச்சும் பிடிச்சுப் போத்தா."

நான் கத்திவிட்டேன். கிணற்றில் விழுந்த வாளியா, பாதாளக் கரண்டி போட்டு எடுக்க என்று கேட்டுவிட்டு, போனை வைத்தேன். வைத்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரமே துறைமுகத்துக்குப் போனேன். வாயிலில் இருந்த காவலாளி என்ன வேலை என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். நின்றேன். ஒரு கப்பலில் தண்ணீர் கேன்களும் வெங்காய மூட்டைகளும் ஏறிக்கொண்டிருந்தன. தேடப் போகிறவர்களுக்கும் வெங்காயம் வேண்டியிருக்கிறதே என்று தோன்றியது.

"போய்ப் பாத்தேன்யா" என்று அய்யாவிடம் சொன்னேன்.

"என்ன சொன்னாக?"

"தேடிக்கிட்டு இருக்காகளாம்."

"சரித்தா. அடிக்கடி போய்க் கேளு. நம்ம கேட்டாத்தான் அவுகளுக்கும் ஒரு இது இருக்கும்."

தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தவர் பேசுகிற பேச்சு அது. ஆனாலும் போனேன். கப்பல்கள் தேடுவதை நிறுத்தின பிறகும் சனிக்கிழமை தவறாமல் கரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பது எப்போதோ நின்றுபோனது. சன்னலுக்குத் தடித்த திரை வாங்கிப் போட்டேன்.

3

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். வெளியிடத்தில் செத்தவர்களுக்கு, அவர்கள் உயிர் போன இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, அதை வைத்துக் காரியம் செய்து, எங்கள் மண்ணோடு சேர்க்க வேண்டும். உடம்பே வீட்டுக்கு வந்துவிட்டாலும் பிடிமண் வேண்டும். என் பெரியப்பா ஒருவர் மெட்டு ரோட்டில் ஜீப்பு கவிழ்ந்து இறந்தார். ஆளை ஊருக்குக் கொண்டுவந்து எரித்த பிறகும், அவர் மகன் அதே வளைவுக்குப் போய்ப் பள்ளத்தில் இறங்கி மண் அள்ளிவந்தார். அந்த மண் வராவிட்டால் போனவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார் என்பது நம்பிக்கை.

ஃபிரிட்ஜ் கதவு வந்த அதே மாதம் அய்யா போன் செய்தார். சாதாரணமாக உரக்கப் பேசுகிறவர் அன்று மெதுவாகப் பேசினார்.

"எனக்கு முன்ன மாதிரி இல்லத்தா. மூச்சு வாங்குது. அவன் காரியத்த முடிச்சுட்டுத்தான் நான் போகணும். நான் போய்ட்டா அவனுக்கு யாரு செய்வா? நீ வரும்போது பிடிமண்ணக் கொண்டாந்துரு."

நான் சரி என்றேன். யோசிக்காமல் சரி என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அவருக்காக மட்டும் சொல்லவில்லை. நானும் வீட்டுக்காரரும் ஓய்வு பெறுகிற வயதுக்கு வந்துவிட்டோம். இந்த வீட்டை விற்றுவிட்டுப் போடிக்கே போய்விடுவது என்று பேசி முடித்து, வாசலில் விற்பனைப் பலகைகூட நட்டாயிற்று. ஆனால் எனக்கு மட்டும் காலை எடுத்துவைக்க முடியவில்லை. ராசு இங்கே எங்கோ கிடக்கும்போது எப்படிக் கிளம்புவது? காரியம் முடிந்துவிட்டால் கிளம்பலாம். அந்த ஒரு பிடி மண் எனக்குத்தான் எல்லோரையும்விட அவசரமாக வேண்டியிருந்தது.

மறுநாளே சாந்தி கூப்பிட்டாள். ராசு போனதிலிருந்து கடையை அவள்தான் நடத்துகிறாள். பேரம் பேசுவதில் அவனைவிடக் கெட்டி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். யாராவது அவனைப் பற்றிக் கேட்டால், "வெளியூர் போயிருக்காக" என்பாள். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, மனுப் போடலாம் என்று வக்கீல் சொல்லியும் அவள் போடவில்லை. பட்டா மாற்றப் போன இடத்தில், "ஒண்ணு சர்டிபிகேட்டக் கொண்டாங்க, இல்ல ஆளக் கொண்டாங்க" என்றார்களாம். "ஆளையே கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"மதினி, மாமா மண்ணு கேட்டாகளாமே?"

"ஆமா சாந்தி. அவருக்கும் வயசாயிருச்சு..."

"நீங்க மண்ண அள்ளுனா அவுக செத்துட்டாகன்னு ஆயிரும். இத்தன கப்பலு, இத்தன மிசினு, ஒருத்தராலயும் செத்துட்டாகன்னு சொல்ல முடியல. நீங்க ஒரு பிடி மண்ணுல சொல்லிருவீகளா?"

"அதெல்லாம் நேர்ல பேசிக்கிருவோம்" என்று மழுப்பினேன்.

"கொண்டாராதீக மதினி. கூடப்பிறந்தவுக நீங்க. நீங்களே அப்பிடிச் செய்யாதீக."

4

பிறகு நான் செய்தது எல்லாம் பைத்தியக்கார வேலை. சட்டப்படி போவோம் என்று நினைத்தேன். இந்த நாடு மண் விஷயத்தில் எவ்வளவு கறார் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை ஊரிலிருந்து வந்த என் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணை, விமான நிலையத்தில் ஒரு பெண் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டாள். அதனால் இந்தியாவுக்குள் மண் கொண்டுபோக என்ன விதி என்று ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"ஆய்வுக்கான மாதிரியா?" என்று கேட்டார் அந்த அதிகாரி.

"இல்லை."

"உரமா?"

"இல்லை. இறந்தவருக்கான சடங்குக்கு."

"ஓ, அஸ்தி. அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. தகனச் சான்றும் இறப்புச் சான்றும் வேண்டும்."

"தகனம் நடக்கவில்லை. இறந்தாரா என்றும் தெரியாது."

அவர் என்னைக் காத்திருக்கச் சொன்னார். புல்லாங்குழல் இசை கேட்டது. வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, இதற்குத் தனிப் பிரிவு இல்லை, மண் என்றால் அனுமதி கிடையாது என்றார். பேச்சில் கனிவு இருந்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன்.

என் மகள் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். தமிழ் விளங்கும், பேசும்போது தடுக்கும். எனக்காகத்தான் தமிழில் பேசுகிறாள் என்பதால் நான் திருத்துவதில்லை. ஊருக்குப் போகிறேன், மாமாவுக்குக் காரியம் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டாள். மன ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி ரொம்ப நாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தவள் அவள்.

"நல்லதும்மா. அப்போ மாமா முடிஞ்சிருமா?"

விஷயம் முடிந்துவிடுமா என்று கேட்கிறாள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் நெஞ்சில் சுருக்கென்றது. அவளைத் தூக்கிக்கொண்டு கண்ணகி கோயில் மலையில் பாதி தூரம் ஏறியவன் ராசு. அது அவளுக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு மாமா என்பவன் அம்மா அழுகிற ஒரு காரணம். அவள் மேல் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கரைக்குப் போனேன். நாய்களைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற ஈர இடத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். ஏலக்காய் வந்த பழைய பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு முடிந்தேன். விதியை மீறுவது தெரிந்துதான் செய்தேன். அள்ளும்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "வாடா போவோம்" என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

5

விமானத்தில் இருக்கைக்கு முன்னால் இருக்கிற திரையில், நாம் எங்கே போகிறோம் என்று ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டே இருக்குமே, மற்றவர்கள் படம் பார்க்க, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கீழே நீலம். எழுத்து எதுவும் இல்லாத நீலம். கண்ணை எடுத்தால் அந்தக் குட்டி விமானம் நின்றுவிடும் என்று ஒரு பயம். பக்கத்து இருக்கைப் பெண்மணி, "முதல் பயணமா?" என்று கேட்டார். எத்தனையோ முறை போய்வந்தவள், ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மதுரையில் இறங்கியதும் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுங்க அதிகாரி சின்ன வயதுக்காரர். சாக்லேட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பையை எடுத்தார்.

"என்னம்மா இது?"

"மண்ணு சார்."

"மண்ணெல்லாம் கொண்டு வரக்கூடாதே. எதுக்கு?"

ஆங்கிலத்தில் சொல்வதற்கு எத்தனையோ வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"காரியத்துக்கு சார். தம்பிக்கு."

அவர் பையைத் திரும்ப வைத்தார். சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்தார். "சரி, போங்க" என்றார். வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இறந்துவிட்டான் என்பதை, தெரியாது என்று சேர்க்காமல், ஓர் அந்நியரிடம் முதல்முறையாகச் சொல்லியிருக்கிறேன்.

6

அய்யா சிலமலை வீட்டில் இல்லை. மெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. ராசு போனதிலிருந்து அங்கே போய் இருந்துகொண்டார். மூச்சு வாங்குகிறவர் கீழே இருங்கள் என்றால் கேட்பதில்லை. போடியிலிருந்து மறுநாள் காலை நானும் சாந்தியும் தோட்டத்துக்குப் போகிற ஆட்களோடு ஜீப்பில் ஏறினோம்.

"சேச்சி, கொஞ்சம் ஒதுங்கி இரிங்க, இன்னும் ரெண்டு பேரு உண்டு" என்று டிரைவர் நெருக்கி உட்காரவைத்தார். மடியில் என் கைப்பை. அதற்குள் மண். சாந்தி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவில் ஜீப்பு சாய, பை நழுவியது. அவள்தான் பிடித்தாள். பிடித்ததும் கனம் தெரிந்துவிட்டது.

"கொண்டாந்துட்டீக" என்றாள்.

"சாந்தி..."

"நான் ஒண்ணும் சொல்லல. ஒங்க தம்பி, ஒங்க அய்யா. செய்ங்க. ஆனா என் கழுத்துல கை வைக்க எவரும் வரக்கூடாது. வந்தா அங்ஙனயே குதிச்சிருவேன்." வெளியே பள்ளத்தைக் காட்டினாள். ஜீப்பில் இருந்த பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் வந்தது.

"எனக்கு மட்டும் ஆசையாடீ? பத்து வருசமா அந்தக் கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ கடை, சோலின்னு ஓடிக்கிட்டு இருக்க. நான் தெனமும் அவன் கெடக்க எடத்தப் பாத்துக்கிட்டுப் பல்லு வெளக்கணும். என்னால முடியல சாந்தி. நானும் மனுசிதான."

மெட்டு நெருங்கியது. பனி ரோட்டை மூடியிருந்தது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். இறங்கும்போது சாந்தி என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

அய்யா ஏலக்காய் உலர்த்துகிற செட்டுக்கு வெளியே கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதியாகிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். சாப்பிட்டியாத்தா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"கொண்டாந்தியா?"

பையை எடுத்து அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். சாந்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். மோந்து பார்த்தார். வெயிலில் காட்டிப் பார்த்தார்.

"வெள்ள வெளேர்னு இருக்கு. இது எந்த எடத்து மண்ணு?"

"கடக்கரை மண்ணுய்யா. எங்க வீட்டுக்குப் பக்கத்துல. அலையடிக்கிற எடத்துல எடுத்தேன்."

"கரை மண்ணா?"

"ஆமாய்யா. நடுக்கடலுக்கு நான் எப்பிடிப் போக? அதே தண்ணிதான கரைக்கும் வருது."

அவர் கையைத் தட்டினார். மணல் முழுவதையும் பையிலேயே தட்டிவிட்டு, முடிந்து, என்னிடம் நீட்டினார்.

"தண்ணி வந்துச்சு. அவன் வரலையே. கரைக்கு வந்திருந்தான்னா வீட்டுக்கு வந்திருப்பானே ஆத்தா. அவன் கால் படாத மண்ண வச்சு நான் எப்பிடிக் காரியம் செய்ய?"

தூணருகே சாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அய்யா அவளைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். என் கையில் அந்தப் பை. எனக்குத் தாங்கமுடியாத ஆத்திரம். அவர்கள் இருவருக்கும் ஏதோ ஒரு வழி கிடைத்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லை.

"அப்ப நான் என்னய்யா செய்ய? மண்ணும் ஆகாது, காரியமும் கெடையாது. நாங்க வீட்ட வித்துட்டு இங்ஙனயே வந்துரலாம்னு இருக்கோம். எனக்கு அந்தக் கடலு வேணாம்யா. நான் வந்துர்றேன்."

அய்யா என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார்.

"வந்துறாத ஆத்தா."

"ஏன்யா?"

"எழவு விழுந்த வீட்டுல, எடுக்கிற வரைக்கும் ஒரு ஆளு பக்கத்துல உக்காந்திருக்கணுமா இல்லையா? தனியாவா போட்டு வைப்பாக? அவன இன்னும் எடுக்கலையே. நம்ம சனத்துல அவனுக்குப் பக்கத்துல இருக்கது நீ ஒருத்திதான். நீயும் எந்திரிச்சு வந்துட்டா எப்பிடித்தா?"

உள்ளே ஏலக்காய் காய்கிற சூட்டு வாசம் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அய்யா, "வெரசா ஒரு காப்பி போடு சாந்தி, பிள்ள குளுர்ல வந்திருக்கு" என்றார்.

7

திரும்பி வந்த வாரமே வாசலில் இருந்த விற்பனைப் பலகையைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். வீட்டு முகவர் விலை போதவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. சன்னல் திரையைக் கழற்றி மடித்துப் பரணில் போட்டதும் அவர்தான்.

அய்யா சொன்னதை நான் முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் பொய். பல நாள் கோபமாகத்தான் இருக்கிறது. ஊரில் இருந்துகொண்டு என்னை இங்கே உட்காரவைத்துவிட்டாரே என்று வைகிறேன். வைதுகொண்டே போய்ச் சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள்.

"எப்பம்மா ஊருக்குப் போறீங்க, மொத்தமா?"

"போகலடி. இங்கயே இருக்கப் போறோம்."

"நீங்கதானே கடல் பிடிக்கலைன்னு சொன்னீங்க? இருந்து என்ன செய்வீங்க?"

"உக்காந்திருப்பேன்."

"எவ்வளவு நாள்?"

"ஒங்க மாமாவ எடுக்கிற வரைக்கும்."

அவளுக்கு இது புரியாது, ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருக்கும் என்று நான் வார்த்தை தேட ஆரம்பித்தேன்.

நான் தேடி முடிப்பதற்குள், "தனியாவாம்மா?" என்று கேட்டாள்.